கடுங்குளிர்ப் பகுதித் தோட்டக்கலை

கடுங்குளிர்ப் பகுதித் தோட்டக்கலை என்பது, ஆண்டின் ஒரு பகுதியிலாவது வெப்பநிலை நீரின் உறைநிலைக்குக் (0 பாகை செல்சியசு) கீழே இறங்கும் இடங்களில் காய்கறி, பழம், பூச்செடி முதலியவற்றை வளர்த்து விளைச்சல் பெறும் முறைகளைக் குறிக்கும். தமிழ்நாட்டில் நீலகிரி மலையின் மேற்பகுதி இதற்கு அண்மையிலுள்ள எடுத்துக்காட்டு ஆகும். இந்தியாவில் லடாக்கு போன்ற இமயமலைப் பகுதிகளும், தமிழர் பெருமளவில் குடியேறியுள்ள கனடா போன்ற நாடுகளும் இதைவிடக் கடுமையான குளிர் உடையவை.

குளிர்ப் பகுதியில் பயிரை இழப்பதற்குப் பெரும்பாலும் ஒரே ஓர் இரவு போதுமானது. பல மாத உழைப்பு, விடியலுக்கு முந்தைய சில மணி நேரத்தில் கருகிவிடும். எனவே இத்துறையின் அடிப்படைக் கேள்வி "எவ்வளவு குளிர்?" என்பதைவிட, "எந்த இரவில், எந்த இடத்தில், தரையிலிருந்து எந்த உயரத்தில் குளிர்?" என்பதே ஆகும். இக்கேள்விக்கு விடை தெரிந்த தோட்டக்காரர் எளிய பொருள்களைக் கொண்டே பயிரைக் காக்க இயலும்.

சொற்கள்

தமிழில் "பனி" என்ற ஒரே சொல் பல நிகழ்வுகளைக் குறிப்பதால் இங்கு அவை பிரித்துக் காட்டப்படுகின்றன.

* நீர்ப்பனி - காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து இலை, புல் ஆகியவற்றின் மீது நீர்த்துளிகளாகப் படிவது.
* உறைபனி - மேற்பரப்பின் வெப்பநிலை 0 பாகைக்குக் கீழே செல்லும்போது நீராவி வெண்ணிறப் பனிப்படிகமாகப் படிவது.
* வெண்பனி - மேகத்திலிருந்து பனித்துகள்களாகப் பொழிவது. இமயமலையிலும் கனடாவிலும் காணப்படும் இது நீலகிரியின் இயல்பான காலநிலையில் இல்லை.

குளிர் தாவரத்தைத் தாக்கும் விதம்

குளிரால் ஏற்படும் பாதிப்பு இரு வகைப்படும். முதலாவது, உறையாமலேயே நிகழும் குளிர்க்காயம் ஆகும். வாழை போன்ற வெப்பமண்டலத் தாவரங்கள் ஏறத்தாழ 10 பாகைக்குக் கீழேயே துன்புறத் தொடங்கும். அவற்றின் உயிரணுச் சவ்வுகளில் உள்ள கொழுப்புகள் இறுகிவிடுவதால் சவ்வுகள் தம் பணியைச் சரிவரச் செய்வதில்லை. இலை மஞ்சளாகி வளர்ச்சி நின்றுவிடும்.

இரண்டாவது, உறைதல் காயம் ஆகும். இதில் பனிக்கட்டி முதலில் உயிரணுக்களுக்கு உள்ளே தோன்றுவதில்லை; அவற்றுக்கு இடையிலுள்ள வெளிகளிலேயே தோன்றுகின்றது. அப்பனிக்கட்டி, உயிரணுவுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கின்றது. இதனால் உயிரணு வறண்டு சுருங்கி, சவ்வு சிதைந்து இறக்கின்றது. உறைபனியால் தாக்கப்பட்ட உருளைக்கிழங்கு இலை காலையில் வெந்நீர் ஊற்றியது போலத் துவண்டு, பின்னர் கறுத்துப் போவதற்கு இதுவே காரணம்.

எல்லாத் தாவரங்களும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. தக்காளி, அவரை, வெள்ளரி, பூசணி ஆகியவை உறைநிலையை ஒட்டியே இறந்துவிடும். உருளைக்கிழங்கின் இலைகள் உறைநிலைக்குக் கீழே ஓரிரு பாகைகளில் கருகினாலும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு தப்பலாம். முட்டைக்கோசு, பூண்டு, பசலை, காரட் ஆகியவை மேலும் கடுமையான குளிரைத் தாங்கும். இத்தகைய தாவரங்கள் படிப்படியாகக் குளிரும் நாட்களில் தம் உயிரணுக்களில் சர்க்கரையின் அளவைக் கூட்டிக்கொள்கின்றன. கரைந்த சர்க்கரை, உயிரணு நீரின் உறைநிலையைத் தாழ்த்துவதுடன் நீர் வெளியேறுவதையும் குறைக்கின்றது. குளிர் கண்ட முட்டைக்கோசும் காரட்டும் இனிப்பாக இருப்பது இதனால்தான். இம்மாற்றம் நிகழச் சில வாரங்கள் தேவை. திடீரென வரும் முதல் உறைபனி அதிகச் சேதம் விளைவிப்பதற்கு, தாவரங்கள் அதற்குள் பழகியிராததே காரணம்.

உறைபனி தோன்றும் விதம்

கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்திலும், உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். இக்கணக்கின்படி இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 12 பாகை வேறுபாடு இருத்தல் வேண்டும். கருமத்தம்பட்டி, அவிநாசி போன்ற கொங்குச் சமவெளி ஊர்களில் சனவரி இரவின் வெப்பநிலை 18 பாகை அளவில் இருக்கும்போது, உதகமண்டலத்தில் அது 6 பாகையாக இருக்கும் என்பது பொருள். உண்மையில் சராசரி நிலையும் இதற்கு நெருக்கமானதே. அவ்வாறாயின் 6 பாகையில் உறைபனி எவ்வாறு தோன்றுகின்றது? எஞ்சிய 6 பாகையை உயரம் தரவில்லை. இரண்டு வேறு நிகழ்வுகள் தருகின்றன.

முதலாவது கதிர்வீச்சு இழப்பு. தரையும் தாவரங்களும் இடைவிடாது அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியிடுகின்றன. மேகம் மூடிய இரவில் மேகங்கள் அதன் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தெளிந்த வானமும் வறண்ட காற்றும் உள்ள இரவில் வெப்பம் விண்வெளிக்குச் சென்றுவிடும். அத்தகைய இரவில் தரை ஒரு சதுர மீட்டருக்கு 50 முதல் 100 வாட்டு வரை வெப்பத்தை இழக்கக்கூடும். முதலில் இலையும் புல்லும் குளிர்ந்து, அவற்றைத் தொட்டு நிற்கும் காற்று அதன்பின் குளிர்கின்றது. ஆகவே தரையை ஒட்டிய காற்று, மேலேயுள்ள காற்றைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். வானிலை நிலையத்தின் வெப்பமானி ஆள் உயரத்தை ஒட்டிய பெட்டிக்குள் இருப்பதால், அது 3 பாகை காட்டும் காலையிலும் புல்லின் மீது உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கலாம்.

இரண்டாவது குளிர்காற்றின் வடிகால். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. எனவே அது மலைச்சரிவில் நீரைப் போல மெல்ல வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகின்றது. உதகமண்டலத்தைச் சுற்றிக் காந்தல், தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற தாழ்ந்த பகுதிகளில் உறைபனி மிகுதியாகக் காணப்படுவது இதனாலேயே. அவற்றுக்கு மேலேயுள்ள சரிவில் அதே இரவில் உறைபனி இல்லாமலும் இருக்கலாம்.

நீலகிரியின் இயற்கைத் தாவர அமைப்பிலும் இதன் தடத்தைக் காணலாம். மேல் நீலகிரியில் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மாறிமாறி அமைந்துள்ளன. திறந்த புல்வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்றுகளை உறைபனி அழித்துவிடுவது, காடு புல்வெளிக்குள் பரவாமைக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. காட்டின் மேற்கவிகைக்கு அடியில் வெப்பம் தங்குவதால் அங்கு கன்றுகள் பிழைக்கின்றன. தோட்டக்காரர் செடிக்கு மேல் இடும் மூடாக்கும் இதே வேலையைச் செய்கின்றது.

நீலகிரியில் வரலாறு

நீலகிரியின் மேற்பகுதியில் படகர் சமுதாயத்தினர் சாமை, கேழ்வரகு, பார்லி முதலியவற்றை நெடுங்காலமாகப் பயிரிட்டு வந்துள்ளனர். குளிர் மண்டலக் காய்கறிகளின் பெரிய அளவிலான வருகை 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அக்காலத்தில் நீலகிரி கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 1868-இல் தனியாகப் பிரிக்கப்பட்டது.

கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்குச் சென்றார். அவர் அங்கு ஐரோப்பியக் காய்கறிகளையும் பழமரங்களையும் வளர்க்கும் முயற்சிகளை மேற்கொண்டார். 1847-இல் உதகமண்டலத்தில் வாழ்ந்த ஐரோப்பியர்கள் தமக்கு வேண்டிய காய்கறிகளை விளைவித்துக்கொள்ள மாதச் சந்தா திரட்டித் தோட்டம் ஒன்றைத் தொடங்கினர். 1848-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரகாம் மெக்கைவர் வந்து அதனைத் தாவரவியல் பூங்காவாக உருவாக்கினார். தொட்டபெட்டா மலையின் கீழ்ச்சரிவில் அமைந்துள்ள அப்பூங்கா இன்று 22 எக்டேர் பரப்புடையது. இங்கு கோடையில் நடைபெறும் மலர்க்காட்சி 1896-இல் தொடங்கியது.

உருளைக்கிழங்கு ஆய்வுக்கான நடுவண் அரசின் நிலையம் 1957-இல் உதகமண்டலத்துக்கு அருகிலுள்ள முத்தொரையில் நிறுவப்பட்டது. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் உதகமண்டலத்தில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஒன்றைக் கொண்டுள்ளது. நீலகிரியில் விளையும் உருளைக்கிழங்கும் பிற மலைக்காய்கறிகளும் மேட்டுப்பாளையம் சந்தை வழியாகச் சமவெளிக்கு வருகின்றன.

பருவத் தேர்வு

குளிர்ப் பகுதியில் முதல் காப்பு நாட்காட்டியே ஆகும். நீலகிரியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்த பின்னரே உறைபனி வலுப்பெறும். பொதுவாக நவம்பர் முதல் பெப்ரவரி வரை இக்காலம் நீடிக்கும். தொடக்கத்தில் நீர்ப்பனியும், பின்னர் உறைபனியும் காணப்படும்.

நீலகிரியில் உருளைக்கிழங்கு மூன்று போகங்களாகப் பயிரிடப்படுகின்றது.

* நீர்போகம் - சனவரி, பெப்ரவரியில் நடப்படுவது. மழை குறைந்த காலமாதலால் பாசனம் தேவை.
* கார்போகம் - ஏப்ரல், மே மாதங்களில் நடப்படுவது. தென்மேற்குப் பருவமழையில் வளரும்.
* கடைபோகம் - ஆகஸ்ட், செப்டம்பரில் நடப்படுவது. குளிர்காலம் தொடங்கும் வேளையில் முதிரும்.

உறைபனியை மட்டும் கருதினால் கார்போகமே பாதுகாப்பானது. ஆனால் மழையும் மூடுபனியும் நிறைந்த அக்காலம் பின்கருகல் நோய்க்கு மிக ஏற்றது. பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரியால் உண்டாகும் இந்நோயே 1840-களில் அயர்லாந்தில் பெரும்பஞ்சத்துக்குக் காரணமானது. நீர்போகத்தில் நோய் அச்சம் குறைவு. ஆனால் இளம்பயிர் உறைபனிக்கு உள்ளாகலாம். கடைபோகத்தில் நடவு சில வாரம் தாமதமானாலும் கிழங்கு பருக்கும் வேளையில் இலை கருகிவிடக்கூடும். இவ்வாறு குளிரைத் தவிர்த்தால் நோயும், நோயைத் தவிர்த்தால் குளிரும் எதிர்ப்படுகின்றன. பருவத் தேர்வு என்பது இவ்விரண்டுக்கும் இடையே இருக்கும் சில வாரங்களைக் கண்டறிவதாகும்.

குளிர் எல்லா வகையிலும் தீமையானது அன்று. ஆப்பிள், பேரி, பிளம் போன்ற மரங்கள் உறக்க நிலையிலிருந்து மீண்டு பூப்பதற்குக் குறிப்பிட்ட மணி நேரக் குளிர் தேவைப்படுகின்றது. முட்டைக்கோசு, காரட் ஆகியன இரண்டு ஆண்டுத் தாவரங்கள். அவை நீண்ட குளிரைக் கண்ட பின்னரே பூத்து விதை தரும். இதனால் சமவெளியில் கிடைக்காத விதையை மலையில் பெற இயலும். மாறாக, விற்பனைக்கான பயிரின் இளஞ்செடிகள் நீண்ட குளிருக்கு உள்ளானால் காலத்துக்கு முன்பே பூத்து வீணாவதும் உண்டு.

இடத் தேர்வு

ஒரே தோட்டத்துக்குள்ளும் குளிர் சமமாகப் பரவுவதில்லை. பள்ளத்தின் அடி மிகக் குளிர்ந்தது. சரிவின் நடுப்பகுதி ஒப்பீட்டளவில் வெப்பமானது. உச்சி காற்றுக்கு உட்பட்டது. ஆகவே உறைபனியைத் தாங்காத செடிகளை நடுச்சரிவிலும், தாங்கும் செடிகளைத் தாழ்விலும் நடுவது வழக்கம்.

சரிவுக்குக் குறுக்கே அடர்ந்த உயிர்வேலியோ சுவரோ இருந்தால், வழிந்து வரும் குளிர்காற்று அதற்கு மேற்புறம் அணையில் நீர் தேங்குவது போலத் தேங்கும். வேலியின் தாழ்ந்த முனையில் ஓர் இடைவெளி விட்டால் அது வடிந்துவிடும். வீட்டுச் சுவரை ஒட்டிய பாத்தி, பகலில் சுவர் பெற்ற வெப்பத்தை இரவில் பெறும். கிழக்கு நோக்கிய பாத்தியில் விடியல் வெயில் உடனே விழுவதால், உறைந்த இலை விரைவாக உருகி அதிகம் சேதமடைவதாகத் தோட்டக்காரர் கருதுவர்.

இடத் தேர்வில் ஓர் இடர்ப்பாடும் உள்ளது. மலைப்பகுதியில் பள்ளத்தாக்கின் அடியிலேயே ஆழமான வளமண்ணும் நீரும் கிடைக்கின்றன. குளிருக்கு அஞ்சிச் சரிவில் பயிரிட்டால் மழையில் மண் அரித்துச் செல்லப்படும். வரப்புகளைச் சரிவின் போக்கில் அமைத்தால் குளிர்காற்று எளிதில் வடியும். ஆனால் மண்ணும் அதே வழியில் வடிந்துவிடும். சமமட்ட வரப்பும் படிக்கட்டு நிலமும் மண்ணைக் காக்கும். ஆனால் குளிர்காற்றைத் தேக்கும். மண்ணை இழந்தால் மீட்க முடியாது என்பதால், சமமட்ட வரப்பை அமைத்துக்கொண்டு உறைபனிக்குப் பிற காப்புகளைத் தேடுவதே பரிந்துரைக்கப்படுகின்றது.

காப்பு முறைகள்

ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 75 வாட்டு இழப்பு என்று கொண்டால், ஓர் ஏக்கர் நிலம் தெளிந்த இரவில் ஏறத்தாழ 300 கிலோவாட்டு வீதம் வெப்பத்தை இழக்கின்றது. அதை ஈடுசெய்ய ஒரு கிலோவாட்டு மின்சூடேற்றிகள் 300 தேவைப்படும். இதனால் திறந்த நிலத்தைச் சூடேற்றுவது சிறு விவசாயிக்கு இயலாதது. பகலில் மண்ணில் சேர்ந்த வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

மூடுதல்: மாலையில் வெயில் மறையுமுன் செடிகளின் மேல் சாக்கு, துணி, வைக்கோல், பெரணித் தழை, புதர்ச்செடிகளின் மிலாறு ஆகியவற்றைப் பரப்பலாம். உதகமண்டலம் தாவரவியல் பூங்காவில் கோடை மலர்க்காட்சிக்கான இளஞ்செடிகள் உறைபனிக் காலத்தில் இவ்வாறு மிலாறுகளால் மூடப்படுகின்றன. மூடாக்கு இலையின் மீது படாமல் சிறு குச்சிகளின் மேல் நிற்பது நல்லது. ஏனெனில் வானத்தை நோக்கியிருக்கும் மூடாக்கே உறைபனியைத் தாங்கும், அதைத் தொடும் இலையும் குளிரும். காலையில் வெயில் ஏறியதும் மூடாக்கை நீக்காவிடில் மண் வெப்பத்தைப் பெறாது. அடுத்த இரவில் காப்பதற்கு எதுவும் இராது.

நெகிழித் தாள்: மெல்லிய பாலித்தீன் தாள் காற்றைத் தடுத்தாலும் அகச்சிவப்புக் கதிர்களைப் பெருமளவில் வெளியே விட்டுவிடும். ஒற்றைத் தாளின் கீழேயும் செடி உறையக்கூடும். அதன் மேல் துணி அல்லது சாக்கு போர்த்தினால் பயன் கூடும். பாலித்தீன் குடில்களில் உட்புறம் படியும் நீர்த்துளிகளும் கதிர்வீச்சை ஓரளவு தடுக்கின்றன. நீலகிரியில் கார்னேசன் போன்ற கொய்மலர்கள் இத்தகைய குடில்களில் வளர்க்கப்படுகின்றன.

மண்ணை நனைத்தல்: வறண்ட மண்ணின் இடைவெளிகளில் காற்று நிறைந்திருப்பதால் அது வெப்பத்தைச் சரிவரக் கடத்துவதில்லை. ஈரமண் பகலில் அதிக வெப்பத்தைச் சேமித்து இரவில் மேலே அனுப்பும். ஆகவே முந்தைய நாள் முற்பகலிலேயே பாசனம் செய்வது நல்லது. களைகளை நீக்கி மண்ணைத் திறந்து வைப்பதும் பயன் தரும். தரையில் பரப்பிய தழை மூடாக்கு வேரைக் காக்கும். ஆனால் மண்ணின் வெப்பத்தை உள்ளேயே அடக்கிவிடுவதால் அதற்கு மேலேயுள்ள இலைகளின் குளிர் கூடும். எனவே பூண்டு, கிழங்கு ஆகியவற்றுக்கு அது ஏற்றது, அவரைக்கு ஏற்றதன்று.

நீர் தெளித்தல்: ஒரு கிலோ நீர் 10 பாகையிலிருந்து 0 பாகைக்குக் குளிரும்போது 42 கிலோசூல் வெப்பத்தை விடுகின்றது. அதே நீர் உறையும்போது 334 கிலோசூல் வெப்பத்தை, அதாவது ஏறத்தாழ எட்டு மடங்கு, விடுகின்றது. இடைவிடாது தெளிக்கப்படும் நீர் இலையின் மீது உறைந்துகொண்டே இருக்கும்வரை இலையின் வெப்பநிலை 0 பாகையை ஒட்டியே நிற்கும். ஆனால் ஒரு கிலோ நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,500 கிலோசூல் வெப்பம் தேவை. நடுவில் தெளிப்பதை நிறுத்தினாலோ வறண்ட காற்று வீசினாலோ, ஆவியாதல் இலையிலிருந்தே அவ்வெப்பத்தை எடுத்துக்கொண்டு முன்னிலும் அதிகச் சேதம் விளைவிக்கும். எனவே தொடங்கினால் பனி முழுதும் உருகும்வரை தொடர வேண்டும். விடியலில் புல்வெளிகளின் மீது நீர் தெளித்து உறைபனியைக் கரைப்பது வேறொரு முறை. இது இரவில் ஏற்கனவே நேர்ந்த சேதத்தைப் போக்காது.

புகையிடுதல்: புகை மேகத்தைப் போலப் போர்த்திக் காக்கும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. புகைத் துகள்கள் மிகச் சிறியவையாதலால் அகச்சிவப்புக் கதிர்களை அவை போதிய அளவு தடுப்பதில்லை. சிறிதளவு பயன் கிடைப்பின் அது நெருப்பின் வெப்பத்தாலும், அது கிளப்பும் காற்றோட்டம் மேலேயுள்ள வெப்பக் காற்றைக் கீழே கலப்பதாலும் ஆகும். காலையில் எஞ்சி நிற்கும் புகை, வெயிலைத் தடுத்துத் தீமையும் செய்யும்.

உறைபனி இரவை முன்னறிதல்

மாலையில் கீழ்க்காணும் நிலைகள் சேர்ந்து காணப்பட்டால் அன்றிரவு காப்பு தேவை எனக் கொள்ளலாம்.

* வானம் மேகமின்றித் தெளிந்திருத்தல்.
* காற்று அடங்கியிருத்தல். காற்று வீசினால் மேலேயுள்ள வெப்பக் காற்று கீழே கலந்துவிடும்.
* காற்று வறண்டிருத்தல். ஈரக்காற்றில் நீர்ப்பனி படியும்போது வெளிப்படும் வெப்பம் குளிர்வதைத் தாமதப்படுத்தும்.
* கதிரவன் மறைந்த ஓரிரு மணி நேரத்திலேயே வெப்பநிலை விரைந்து குறைதல்.

மலிவான வெப்பமானி ஒன்றைச் செடியின் உயரத்தில், தோட்டத்தின் மிகத் தாழ்ந்த பகுதியில் வைத்து, ஒவ்வொரு காலையும் குறித்து வருவது பயனுள்ளது. ஓரிரு ஆண்டுக் குறிப்புகள், அந்நகரின் வானிலை அறிக்கையைவிட அத்தோட்டத்தைப் பற்றி அதிகம் கூறும்.

லடாக்கு: வளர்காலம் குறைந்த இடம்

நீலகிரியில் உறைபனி சில இரவுகளின் நிகழ்வு. லடாக்கில் அது ஒரு முழுப் பருவம். லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 20 பாகையையும் எட்டுவதுண்டு. திறந்த வெளியில் பயிர் வளரும் காலம் ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரையே. ஆனால் அங்கு மழை மிகக் குறைவு. குளிர்காலத்திலும் வெயில் நன்கு கிடைக்கும். இவ்வெயிலைச் சேமிப்பதே அங்குள்ள தோட்டக்கலையின் வழி.

லேயில் 1962-இல் தொடங்கப்பட்ட பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்று, மலை எல்லையில் பணிபுரியும் படையினருக்குப் பச்சைக்காய்கறி கிடைக்கச் செய்யும் நோக்குடன் இத்துறையில் ஆய்வு செய்து வருகின்றது. அங்கு பரவிய எளிய முறை அகழிக் குடில் ஆகும். ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிலத்தைத் தோண்டி, அதன் அடியில் விதைத்து, மேலே ஒளிபுகும் நெகிழித் தாளை இடுவர். இரவில் தாளின் மேல் துணியோ கம்பளமோ போர்த்துவர். மண்ணின் ஆழத்தில் குளிர் மெதுவாகவே இறங்குவதால், வெளியே அனைத்தும் உறைந்திருக்கும்போதும் உள்ளே பசலை, கொத்தமல்லி போன்ற கீரைகள் வளர்கின்றன.

மற்றொன்று கதிரவக் குடில். இது கிழக்கு மேற்காக நீண்டது. தெற்குப் பக்கம் மட்டும் ஒளிபுகும் தாள் கொண்டது. வடக்குச் சுவர் தடித்த மண்கல்லால் ஆனது. பகலில் வெயிலைப் பெற்றுச் சூடாகி இரவில் வெப்பத்தை உள்ளே விடும். எரிபொருள் எதுவும் இதற்குத் தேவையில்லை. லடாக்கின் சான்சுகார் பகுதியில், இளவேனிலில் வயல்மீதுள்ள வெண்பனியின் மேல் மண்ணைத் தூவும் மரபும் உண்டு. கருநிற மண் வெயிலை உறிஞ்சுவதால் பனி விரைவில் உருகி, விதைப்புக்குச் சில நாட்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன.

கனடாவில் தமிழர் தோட்டங்கள்

தொராண்டோ பகுதியில் வாழும் தமிழர் பலர் வீட்டின் பின்புறத் தோட்டத்தில் கத்தரி, வெண்டை, மிளகாய், பாகல், புடலை, கீரை ஆகியவற்றை வளர்க்கின்றனர். அங்கு உறைபனியற்ற காலம் ஏறத்தாழ மே நடுப்பகுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை மட்டுமே. வெண்டையும் புடலையும் வெப்பமண்ணை வேண்டுவன. எனவே விதைகளை மார்ச், ஏப்ரல் மாதங்களில் வீட்டுக்குள் சன்னல் ஓரத்தில் முளைக்கவைத்து, மே மாதத்தின் பிற்பகுதியில் வரும் விக்டோரியா நாள் விடுமுறையை ஒட்டி வெளியே நடுவர். நாற்றுகளை நேரடியாக நடாமல், ஒரு வாரம் பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்துப் பழக்குதல் வேண்டும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வளர்த்து இலையுதிர் காலத்தில் வீட்டுக்குள் கொண்டுவருவர்.

குறுகிய கோடைக்கு ஈடாக அங்கு நீண்ட பகல் கிடைக்கின்றது. தொராண்டோவில் சூன் மாதப் பகல் 15 மணி நேரத்துக்கும் மேற்பட்டது. மேலும் வடக்கேயுள்ள அலாசுக்காவில் பகல் இதைவிட நீண்டது. அங்கு 2012-இல் விளைந்த ஒரு முட்டைக்கோசு 62 கிலோகிராமுக்கும் மேல் எடை இருந்தது.

வெண்பனியும் ஒரு வகைக் காப்பே ஆகும். அதன் பெரும்பகுதி காற்று என்பதால் அது கம்பளி போலச் செயற்படும். அக்டோபரில் நடப்படும் பூண்டு வெண்பனிக்கு அடியில் குளிர்காலத்தைக் கழித்து இளவேனிலில் முளைவிடும். வெண்பனி இல்லாத கடுங்குளிரே அதற்கு அதிகத் தீங்கு விளைவிக்கும்.

சேதத்துக்குப் பின் செய்யத்தக்கவை

உறைபனியால் கருகிய செடியை உடனே வெட்டிவிடுவது தவறு. கருகிய இலைகள் அடுத்து வரும் உறைபனிகளின்போது கீழேயுள்ள உயிருள்ள மொட்டுகளுக்கு மூடாக்காக அமையும். பல்லாண்டுத் தாவரங்களில் உறைபனிக் காலம் முடிந்து புதுத்தளிர் தோன்றிய பின்னரே கவாத்து செய்தல் வேண்டும். முன்னரே வெட்டினால் புதுத்தளிர் உடனே வெளிவந்து அதுவும் கருகும். உறைபனிக் காலத்தில் தழைச்சத்து உரத்தை மிகுதியாக இடுவதும் இளந்தளிரைத் தூண்டுவதால் தீங்கானது. முதிர்ந்த உருளைக்கிழங்கின் இலை கருகினால் கிழங்கைச் சில நாட்கள் மண்ணிலேயே விட்டுத் தோல் இறுகிய பின் அகழலாம்.

மேற்கூறிய முறைகள் எதுவும் குளிரை நீக்குவன அல்ல. மிலாறும் சாக்கும் ஓரிரு பாகைகளை மட்டுமே மீட்டுத் தரும். ஆயினும் உருளைக்கிழங்கு இலை பிழைப்பதற்கும் கருகுவதற்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் அந்த ஓரிரு பாகைகளே ஆகும்.